இரத்தப் புற்றுநோயும் அமெரிக்க முன்னாள் படையினருக்கான இழப்பீடும்

அமெரிக்காவில் குடியேறிய எம்மவரின் பிள்ளைகள் சிலர் அந்நாட்டுப் படைகளில் பணியாற்றியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தால், சிகிச்சையோடு இன்னொரு வேலையையும் குடும்பம் உடனே தொடங்க வேண்டும். அது முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களத்திடம் (வி.ஏ.) இழப்பீடு கோருவது. இது தருமப் பணம் அல்ல, சட்டம் தரும் உரிமை. குடியுரிமை பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

எதை நிரூபிக்க வேண்டும்?

பொதுவாக மூன்று விடயங்கள் தேவை: நோய், சேவைக்காலத்தில் நேர்ந்த பாதிப்பு, இரண்டையும் இணைக்கும் வைத்தியரின் கருத்து. மூன்றாவதுதான் கடினம். ஆனால் கீழ்க்கண்டோருக்கு அந்தத் தொடர்பைச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது:

• வியட்நாம், 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரை: நாட்பட்ட பி-செல் லூக்கேமியா, லிம்போமா, மல்டிபிள் மயலோமா. காரணம், ஏஜென்ட் ஒரேஞ்ச் என்ற களைகொல்லி.

• 1990 ஓகஸ்ட் 2 முதல் ஈராக், குவைத். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் ஆப்கானிஸ்தான்: குப்பை எரித்த குழிகளின் புகை. 2022 பாக்ட் சட்டம் லிம்போமாவைச் சேர்த்தது. 2025 ஜனவரியில் லூக்கேமியாவும் மல்டிபிள் மயலோமாவும் சேர்க்கப்பட்டன. அதற்கு முன் மறுக்கப்பட்டவர்கள் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

• வட கரோலினாவின் கேம்ப் லெஜூன் முகாம், 1953 ஓகஸ்ட் முதல் 1987 டிசம்பர் வரை குறைந்தது 30 நாட்கள்: மாசடைந்த குடிநீர்.

இந்தப் பட்டியலில் இல்லாதவர்களும் கோரலாம். நோய் சேவையால் வந்திருக்கக் குறைந்தது சரிபாதி வாய்ப்பு உண்டு என்று வைத்தியர் காரணத்தோடு எழுதித் தர வேண்டும். ஆதாரங்கள் இருபக்கமும் சமமாக இருந்தால் தீர்ப்பு விண்ணப்பதாரருக்கே சாதகமாகும்.

திகதியைப் பிடியுங்கள்

கணக்காளன் என்ற முறையில் நான் முதலில் சொல்வது இதுதான். கொடுப்பனவு பொதுவாக நோய் வந்த நாளிலிருந்து அல்ல, விண்ணப்பம் கிடைத்த நாளை வைத்தே கணக்கிடப்படுகிறது. கடதாசிகள் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். "விண்ணப்பிக்க எண்ணியுள்ளேன்" என்று அறிவிக்கும் 21-0966 படிவத்தை அனுப்பினால், அந்தத் திகதி ஓராண்டுக்கு உங்களுக்காகக் காக்கப்படும். அதற்குள் முழு விண்ணப்பப் படிவம் (21-526ஈஇசட்), டிடி-214 சேவைச் சான்று, நோயை உறுதிசெய்த பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைக் கொடுங்கள். வி.ஏ. ஏற்பாடு செய்யும் மருத்துவப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

எவ்வளவு கிடைக்கும்?

லூக்கேமியா, லிம்போமா தீவிரமாக இருக்கும்போதும் சிகிச்சையின்போதும் 100 வீதம். சிகிச்சை முடிந்து குறிப்பிட்ட காலத்தின் பின் மறுபரிசோதனை நடக்கும். பின்னர் எஞ்சிய பாதிப்புக்கேற்ப வீதம் குறையலாம். அறிகுறியற்ற ஆரம்பநிலை நாட்பட்ட லூக்கேமியாவுக்கு 0 வீதம் கிடைத்தாலும் அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். சேவைத் தொடர்பு அதில் ஏற்கப்பட்டிருக்கிறது. நோய் முற்றினால் வீதத்தை உயர்த்தக் கேட்கலாம். இந்தப் பணத்துக்கு வருமான வரி இல்லை.

மறுத்தால், இறந்தால்

மறுப்புக் கடிதத்தின் திகதியிலிருந்து ஓராண்டுக்குள் மறுபரிசீலனை கோருங்கள். நோயாளி இறந்துவிட்டால் வாழ்க்கைத்துணை 21பி-534ஈஇசட் படிவத்தில் தனியாகக் கோரலாம். அதையும் ஓராண்டுக்குள் செய்வது நல்லது.

அங்கீகாரம் பெற்ற முன்னாள் படையினர் சேவை அமைப்புகள் இலவசமாக உதவுகின்றன. முதல் விண்ணப்பத்துக்கே பங்கு கேட்பவர்களிடம் கையொப்பமிட வேண்டாம்.

எங்கள் வீடுகளில் புற்றுநோயை வெளியே சொல்வதில்லை. ஊருக்குச் சொல்லாவிட்டாலும் வி.ஏ.க்கு இந்த மாதமே சொல்லுங்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளையின் குடும்பத்துக்கு வராமல் போகும் ஒரு மாதக் கொடுப்பனவு.