மருந்துக் கிடங்கின் பாஸ்புக்

1980களின் கடைசியில் உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராகச் சேர்ந்தேன். ஊராருக்கு நான் கம்பவுண்டர். ஆயிரம் மாத்திரை கொண்ட டின்னிலிருந்து எண்ணி எடுத்து, பழைய பேப்பரில் மடித்து ஜன்னல் வழியே நீட்டுவேன். மிக்சருக்குப் பாட்டில் அவர்களே கொண்டுவர வேண்டும். எண்ணெய் வாடை போகாத பாட்டில்தான் பாதி வரும். கழுவிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புவேன்.

அங்கே வைத்தியம் இலவசம். டாக்டர் பார்ப்பதற்குக் காசு கிடையாது என்பது உண்மைதான். ஆனால் வருஷத்தில் பல மாதங்கள் ஆன்டிபயாட்டிக் இருக்காது. அப்போது வெளியே கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லி டாக்டர் வெளிச்சீட்டு எழுதுவார்.

ஒரு நாள் நெஞ்சுச்சளியோடு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தார். ஐந்து நாளைக்கு அமாக்சிசிலின். என்னிடம் ஒரு பாட்டில்கூட இல்லை. சீட்டை வாங்கியவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஜன்னல் திண்டிலேயே சில்லறையை எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார்.

"ஐயா, ரெண்டு நாளைக்கு மட்டும் வாங்கினாப் போதுமா?"

"போதாதும்மா. அஞ்சு நாளும் குடுக்கணும்."

காசைத் திரும்ப முடிந்துகொண்டு நடந்தார். மருந்துக்கடை இடது பக்கம். அவர் வலது பக்கம், பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார். அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்றோ. முப்பது வருஷம் கழித்தும் அந்த ஜன்னல் திண்டு கண்ணுக்குள் நிற்கிறது.

மருந்துக்குப் பணமே ஒதுக்காத காலமல்ல அது. சுகாதாரத் துறையின் ஒவ்வோர் இயக்ககமும் தனித்தனியாகக் கொள்முதல் செய்தது. நாங்கள் இண்டெண்டில் கேட்பது ஒன்று, வந்து இறங்குவது வேறொன்று. வயிற்றுப்போக்கு சீசனில் உப்புக்கரைசல் பொட்டலத்துக்குத் தவித்துக்கொண்டிருப்போம். வைட்டமின் டின்கள் அலமாரி நிறைய இருக்கும். யாரிடம் போய்ச் சொல்வது? ஜனங்கள் என்னிடம் சத்தம் போட்டார்கள். எனக்கு மேலே இருந்தவர்களுக்கு நான் கடிதம் எழுதினேன்.

1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் நிர்வாக இயக்குநர் பூரணலிங்கம் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. அடுத்த வருஷமே கழகத்தின் கிடங்குகளிலிருந்து மருந்து வரத் தொடங்கியது. அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல். கம்பெனிப் பெயரில் வாங்காமல் மருந்தின் பொதுப் பெயரிலேயே மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர். தரம் ஓர் உறையில், விலை இன்னோர் உறையில். தரத்தில் தேறாதவரின் விலை உறையைப் பிரிப்பதே இல்லை. வந்திறங்கும் ஒவ்வொரு பேட்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே தேறிய பிறகுதான் எங்களுக்கு.

எங்கள் நிலையத்துக்கு வந்த பெரிய மாற்றம் என்றால் அது பாஸ்புக்தான். வங்கிப் புத்தகம் மாதிரி. வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று எங்கள் பேரில் வரவு. மதுரைக் கிடங்குக்குப் போய், எங்களுக்கு எது தேவையோ அதை எடுக்கலாம். எடுத்த மருந்தின் மதிப்பு பற்றில் ஏறும், மிச்சம் கண்ணுக்குத் தெரியும். எந்த மாதம் எது எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போடும் பொறுப்பு முதல்முறையாக எங்களிடம் வந்தது. ராத்திரி உட்கார்ந்து ஓ.பி. நோட்டைப் புரட்டி, போன மழைக்காலத்துச் சளிக் கேஸ்களை எண்ணிப் பட்டியல் எழுதியிருக்கிறேன். அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டிய பதிலை எழுதுவதாகவே எனக்குப் பட்டது.

டின் போய் அட்டை வந்தது. ஒவ்வோர் அட்டையிலும் தமிழ்நாடு அரசு வழங்கியது, விற்பனைக்கு அல்ல என்ற அச்சு. இதனால் இன்னொன்றும் நடந்தது. முன்பெல்லாம் மாத்திரை உதிர்கிறது என்று யாராவது சொன்னால் எந்த டின், எந்தக் கம்பெனி என்று தேடுவதற்குள் பேச்சு அடங்கிவிடும். இப்போது அட்டையைத் திருப்பினால் பேட்ச் எண் இருக்கிறது. குறை சொல்ல ஒரு பிடி கிடைத்தது. கிடங்கிலிருந்து தாக்கீது வந்தால் அந்த பேட்சை அப்படியே ஒதுக்கிவைத்துத் திருப்பி அனுப்புவோம்.

தட்டுப்பாடு அடியோடு ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன். நானே கிடங்கிலிருந்து பாதி ஜீப்போடு திரும்பிய நாட்கள் உண்டு. ஆனால் வெளிச்சீட்டுக் கட்டு மேஜையிலிருந்து இழுப்பறைக்குப் போனது. பின்னால் கேரளமும் ராஜஸ்தானும் இதே வழியில் கழகம் அமைத்தன. ராஜஸ்தானில் 2011 அக்டோபர் 2 முதல் இலவச மருந்துத் திட்டமே வந்தது.

2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். இதய ஆபரேஷனுக்கு அது பெரிதும் கைகொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் காய்ச்சலும் பேதியும் சர்க்கரையும் மாதாமாதம் அரிக்கும் காசைக் காப்பாற்றியது இந்தக் கிடங்குதான் என்பது என் தீர்மானமான கருத்து.

இப்போது எனக்கே பிரஷர் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு மாதம் ஒருமுறை ஒரு பெண் வீட்டுக்கே வந்து, ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். போன வாரம் வந்தபோது அட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன்.

"என்ன தாத்தா பாக்குறீங்க? எல்லாம் புது மாத்திரைதான்."

"பேட்ச் நம்பர் பாக்குறேன்மா" என்றேன்.