அணை கட்டியவர்கள் யாரிடம் கேட்டார்கள்?

ப்ராஜெக்ட் மேனேஜர் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. கீழே இருபது பேர் இருப்பார்கள், மேலே நாலு பேர் இருப்பார்கள். ஆனால் "இந்தத் தேதிக்கு முடியாது போலிருக்கே" என்று மனசு விட்டுச் சொல்ல ஆள் இருக்காது. கீழே சொன்னால் டீம் கலங்கிவிடும். மேலே சொன்னால் அப்ரைசலில் வந்து நிற்கும். வீட்டில் சொன்னால் "அப்ப வேலையை விட்டுடு" என்பார்கள். இந்த வேலையில் ஆளுக்குத் தேவை, அதே வேலையை வேறு இடத்தில் பார்க்கும் இன்னொரு ஆள்.

இன்றைக்கு இதற்கு அமைப்புகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1969ல் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட் தொடங்கினார்கள். 1984ல் பி.எம்.பி. தேர்வு வந்தது. அவர்களுடைய பிம்பாக் கையேட்டின் முதல் பதிப்பு 1996ல் வந்தது. சரி, அதற்கு முன்னால்? நம் பக்கத்தில் ஆயிரம் வருஷமாக ஏரி வெட்டியிருக்கிறார்கள், அணை கட்டியிருக்கிறார்கள். அந்த வேலைகளைத் தலையில் தூக்கிச் சுமந்தவர்கள் சிக்கல் வந்தால் யாரிடம் போய்க் கேட்டார்கள்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கொஞ்ச நாளாகப் படித்ததன் சுருக்கம்தான் இந்தக் குறிப்பு.

உத்திரமேரூர்: பழைய ஆளை விட்டுவிடாத விதி

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றாலே நமக்குக் குடவோலைதான் ஞாபகம் வரும். தேர்தல், ஜனநாயகம் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில் 919லும் 921லும் எழுதிய இரண்டு கல்வெட்டுகள் அவை. அதையே ஒரு ப்ராஜெக்ட் ஆள் படித்தால் வேறு ஒரு விஷயம் கண்ணில் படும்.

ஊரை 30 குடும்பாகப் பிரித்து, குடும்புக்கு ஒருவராகக் குடவோலையில் எடுக்கிறார்கள். அவர்களிலிருந்து சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பிரிக்கிறார்கள். தோட்டத்துக்கு 12 பேர், ஏரிக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள். கடந்த மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் திரும்ப வரக்கூடாது. இருந்தபோது கணக்குக் காட்டாமல் போனவர் வரவே கூடாது, அவருடைய உறவினரும் கூடாது.

வருஷா வருஷம் ஆளை மாற்றினால் ஊழல் குறையும். ஆனால் அனுபவமும் சேர்ந்தே போய்விடும். எந்த மதகு ஒழுகும், எந்தக் கரை கரையும் என்பதைப் புது ஆள் முதலிலிருந்து கற்க வேண்டும். இதற்கும் அங்கே ஒரு வழி செய்திருக்கிறார்கள். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேரை எடுக்கும்போது, முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்தவர்கள், கல்வியில் பெரியவர்கள், வயதில் பெரியவர்கள் ஆகியோரிலிருந்து எடுக்க வேண்டும். அதாவது ஏரியைப் பார்க்கும் ஆறு பேர் புதிதாக இருந்தாலும், ஒரு காலத்தில் அதே ஏரியைப் பார்த்தவர்கள் அதே சபையில் உட்கார்ந்திருப்பார்கள். கேட்க ஆள் உண்டு.

இதை ரொம்பவும் கொண்டாடிவிட வேண்டாம். அது சதுர்வேதிமங்கலம், நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கான சபை. மண் சுமந்தவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. இந்த இடத்துக்குக் கடைசியில் திரும்ப வருகிறேன்.

1839: மெட்ராஸ் இன்ஜினியர்களின் காகிதங்கள்

அங்கிருந்து தொள்ளாயிரம் வருஷம் தாண்டுவோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவு. இருபது வயசுக்கு முன்பே கப்பல் ஏறி வந்த பையன்கள். ஒரு ஆளிடம் ஒரு முழு வட்டாரத்தை ஒப்படைத்துவிடுவார்கள்: ஏரி, வாய்க்கால், பாலம், சாலை எல்லாம் அவன் தலையில். அடுத்த இன்ஜினியர் பல நாள் குதிரைப் பயணத் தூரத்தில் இருப்பான். தந்தி கிடையாது, ரயில் கிடையாது. நம் மேனேஜரின் தனிமையைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

லண்டனில் ராயல் இன்ஜினியர்ஸ் பிரிவில் வில்லியம் டெனிசன் என்ற இளம் அதிகாரி 1837ல் ஒரு வேலை செய்தார். தன் பிரிவு அதிகாரிகள் அவரவர் இடத்தில் செய்த பணிகளைப் பற்றி எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து அச்சிட்டார். (இதே டெனிசன்தான் பின்னாளில், 1861 முதல் 1866 வரை, மெட்ராஸ் கவர்னர்.) இரண்டே வருஷத்தில் மெட்ராஸ் இன்ஜினியர்களும் அதே போலத் தங்களுக்கென்று ஒரு தொகுதி கொண்டுவந்தார்கள். முதல் தொகுதி 1839. 1850கள் வரை மொத்தம் நாலு தொகுதி.

அதன் நீளமான தலைப்பைத் தமிழில் சொன்னால் "மெட்ராஸ் மாகாண இன்ஜினியர் பிரிவின் கடமைகள் தொடர்பான அறிக்கைகள், கடிதங்கள், அசல் கட்டுரைகள்" என்று வரும். இதில் கவனிக்க வேண்டிய சொல் 'கடிதங்கள்'. ஒருவன் தன் வேலையைப் பற்றி மேலிடத்துக்கு எழுதியதும் அதற்கு வந்த பதிலும் சாதாரணமாக ஒரு ஃபைலுக்குள் போய்ச் செத்துவிடும். அதை அச்சில் போட்டுச் சக இன்ஜினியர்கள் எல்லாருக்கும் போய்ச் சேரும்படி செய்ததுதான் புதுசு.

அதே பிரிவைச் சேர்ந்த ஜே. டி. ஸ்மித், பிரெஞ்சு இன்ஜினியர் விகா சுண்ணாம்புக் காரையைப் பற்றி எழுதிய நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, தன் குறிப்புகளையும் சேர்த்து 1837ல் வெளியிட்டார். நம் ஊர் வெயிலில், நம் ஊர்ச் சுண்ணாம்பு எப்படி இறுகும் என்பது மெட்ராஸில் வேலை பார்த்த ஒவ்வொருவனுக்கும் தூக்கம் கெடுக்கிற கேள்வி. ஒருவன் செய்து பார்த்ததை எழுதிவைத்தால் இன்னொருவன் அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டாம்.

காட்டன் படுத்தபோது வேலை நிற்கவில்லை

இந்தப் பழக்கத்தின் பலன் எங்கே தெரிகிறது? ஆர்தர் காட்டன் கதையில்.

1836ல் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். கொள்ளிடத்தில் வீணாகப் போன தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்பும் வேலை. வெற்றிதான். ஆனால் வெற்றி கொஞ்சம் கூடிப்போனது. காவிரியின் படுகை அரித்து ஆழமாகி, தேவைக்கு மேல் தண்ணீர் அந்தப் பக்கம் பாய ஆரம்பித்தது. 1840களில் மேலணையின் ஒரு பகுதியைத் தணித்தார்கள். காவிரித் தலைப்பிலும் ஒரு தடுப்பு கட்டிச் சரிசெய்தார்கள்.

நாமாக இருந்தால் இதைத் தலைவரின் வாழ்க்கை வரலாற்றில் மெதுவாகக் கடந்துபோயிருப்போம். அவர்கள் எழுதிவைத்தார்கள். வங்காளப் படைப்பிரிவிலிருந்து பெயர்ட் ஸ்மித் என்ற இன்ஜினியர் மெட்ராஸ் வந்து, காவிரி, கிருஷ்ணா, கோதாவரி மூன்றிலும் நடந்த வேலைகளைப் பார்த்து, 1856ல் தனி நூலாக எழுதினார். அவர் வடக்கே யமுனைக் கால்வாயில் வேலை பார்த்தவர், இத்தாலிக்குப் போய் அங்கத்திய பாசனத்தைப் பற்றி எழுதியவர். அதே தொழிலில் உள்ள வெளி ஆள் ஒருவர் வந்து நம் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்வதை இன்று 'பியர் ரிவ்யூ' என்கிறோம்.

அடுத்தது தவளேஸ்வரம். 1847ல் கோதாவரி அணைக்கட்டைத் தொடங்கினார் காட்டன். அடுத்த வருஷமே உடம்பு முடியாமல் ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டி வந்தது. ஒரு பெரிய ப்ராஜெக்டின் தலை, வேலை தொடங்கி ஒரு வருஷத்தில் இல்லை! அவருக்குக் கீழே இருந்த கேப்டன் ஆர் என்பவர் பொறுப்பெடுத்தார். 1850ல் காட்டன் திரும்பி வந்தபோது வேலை நடந்துகொண்டிருந்தது. 1852ல் முடிந்தது. அதே ஆர் உடனே விஜயவாடாவுக்குப் போய்க் கிருஷ்ணா அணைக்கட்டை 1855க்குள் முடித்தார். ஒரு ப்ராஜெக்டில் பக்கத்தில் நின்று கற்றவர் அடுத்த ப்ராஜெக்டில் தலைவர்.

தவளேஸ்வரத்தின் இன்னொரு ஆசான் கல்லணை. அடியில்லாத மணலில் அஸ்திவாரம் நிறுத்தும் வித்தையைத் தாங்கள் இந்த மண்ணின் பழைய கட்டுமானக்காரர்களிடமிருந்துதான் கற்றோம் என்று காட்டனே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். முன்னால் செய்தவன் செத்துப் பல நூற்றாண்டு ஆகியிருந்தாலும் அவன் செய்த வேலை பதில் சொன்னது.

1899: ஒரு அணையின் முழுக் கணக்கு

முல்லைப் பெரியாறு என்றால் பென்னிகுயிக். சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதை தேனிப் பக்கம் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் பணம் போட்டது மெட்ராஸ் அரசாங்கம். அந்த அணைக்குப் பின்னால் ஒரு தனி மனிதர் மட்டும் இல்லை. ஒரு நீளமான ஃபைல் இருக்கிறது. 1808ல் கேப்டன் கால்ட்வெல் போய்ப் பார்த்து, நடக்காத காரியம் என்றார். 1867ல் மேஜர் ரைவ்ஸ் மண் அணைக்கு ஒரு திட்டம் போட்டார். அதன் பிறகும் ஆட்கள் மாறினார்கள், திட்டம் மாறியது. 1882ல் அதைத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. வேலை தொடங்கியது 1887ல், திறந்தது 1895ல். நடுவில் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, மலேரியா, ஆள் கிடைக்காத திண்டாட்டம்.

முடிந்ததும் என்ன செய்தார்கள்? ஏ. டி. மெக்கன்சி என்ற இன்ஜினியர் பெரியாறு ப்ராஜெக்டின் வரலாற்றை எழுதினார். 1899ல் மெட்ராஸ் அரசு அச்சகத்தில் புத்தகமாக வந்தது. நம் ஆபீஸ்களில் ப்ராஜெக்ட் முடிந்ததும் 'லெசன்ஸ் லேர்ன்ட்' என்று அரை மணி நேர மீட்டிங் போட்டு, எக்ஸெல்லில் நாலு வரி எழுதி மூடிவிடுகிறோமே, அதை ஒரு முழுப் புத்தகமாகச் செய்திருக்கிறார்கள்.

இந்த வரிசையில் ரூர்க்கியையும் சொல்லிவிட வேண்டும். அங்கிருந்த தாம்சன் கல்லூரியின் தலைவர் மேஜர் மெட்லி, 1863ல் இந்திய இன்ஜினியரிங்குக்கென்றே ஒரு கட்டுரைத் தொடர் தொடங்கினார். மெட்ராஸ் பிரிவுக்குள் நடந்த பேச்சு அதோடு நாடு முழுக்கப் பரவியது.

அந்தக் காகிதத்தில் யார் இல்லை?

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். வேங்கிக்கால் என்றால் இன்றைக்குக் கலெக்டர் ஆபீஸ், வேலூர் ரோடு. ஆனால் நல்ல மழை பெய்த வருஷத்தில் ஏரி கோடி போகும்போதுதான் இது ஏரியை நம்பி உருவான ஊர் என்று புரியும். திருவண்ணாமலையைச் சுற்றி இப்படி எத்தனையோ ஏரிகள். ஒன்றின் கோடித் தண்ணீர் அடுத்ததற்குப் போகும் சங்கிலி.

மடை திறக்கும் நீர்க்கட்டி ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு ப்ராஜெக்ட் மேனேஜர்தான். எந்த நிலத்துக்கு எத்தனை நாழிகை தண்ணீர், கரையில் எங்கே கசிவு, எப்போது ஊரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. மேல் ஏரிக்காரரும் கீழ் ஏரிக்காரரும் பேசிக்கொள்ளாவிட்டால் இரண்டு ஊரும் கெடும். அதனால் பேசிக்கொண்டார்கள். அதுவும் சக தொழிலாளிகளின் துணைதான். ஆனால் அது வாய்ப் பேச்சு. அச்சில் ஏறவில்லை.

1839 தொகுதி ஆங்கிலத்தில், அதிகாரிகள் அதிகாரிகளுக்காக எழுதியது. கல்லணையிடம் கற்ற காட்டன் போன்றவர்கள் இருந்தும், மடையில் நின்றவரை எழுது என்று கேட்க வழி இல்லை. 1858ல் மெட்ராஸில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஊரே சேர்ந்து கரை போட்ட குடிமராமத்து, வராவிட்டால் தண்டனை என்ற சட்ட விஷயமாக மாறியது. அடுத்த வருஷம் மெட்ராஸில் இன்ஜினியரிங் கல்லூரி. எழுதுகிற அறிவு ஒரு பக்கம் வளர, சொல்லுகிற அறிவு இன்னொரு பக்கம் கேட்க ஆளில்லாமல் தேய்ந்தது. 2017ல் குடிமராமத்தை அரசுத் திட்டமாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். தூர் வாரப் பணம் ஒதுக்க முடியும். நீர்க்கட்டியின் தலைக்குள் இருந்ததை ஒதுக்கீட்டில் கொண்டுவர முடியாது.

நமக்கு என்ன?

இந்த எல்லாக் கதையிலும் மூன்று விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது: கணக்கு, பழைய ஆள், கடிதம். உத்திரமேரூரில் கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை, முன்பு பார்த்தவனுக்குச் சபையில் இடம் உண்டு. மெட்ராஸ் இன்ஜினியர்கள் கடிதத்தை ஃபைலிலிருந்து எடுத்து அச்சில் போட்டார்கள்.

இன்று நம்மிடம் கையேடு நிறைய இருக்கிறது, சான்றிதழும் இருக்கிறது. குறைவது கடிதம்தான். நம் ப்ராஜெக்ட் எங்கே அரித்தது, எதைத் தணித்தோம் என்று இன்னொரு மேனேஜரிடம் சொல்லும் பழக்கம் இல்லை. அதற்குப் பெரிய சங்கம் வேண்டியதில்லை. வேறு வேறு கம்பெனியில் இருக்கும் மூன்று நாலு பேர், மாதம் ஒரு தடவை, கிளையன்ட் பெயரைச் சொல்லாமல், "என் பக்கம் இது உடைஞ்சுது, இப்படி அடைச்சேன்" என்று பேசினால் போதும். ஒரு பக்கத்துக்கு எழுதியும் வைத்தால் இன்னும் நல்லது. எழுதும்போது மடையில் நிற்கிற ஆளையும், அதாவது டெஸ்டரையும் சப்போர்ட்டில் ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவரையும் கேட்டு எழுதுங்கள். மெட்ராஸ் இன்ஜினியர்களின் நாலு தொகுதியிலும் விடுபட்டுப்போன பக்கம் அதுதான்.