கேபின் குரூசர்

கேபின் குரூசர் என்பது படுக்கை, சிறிய சமையலிடம், கழிப்பறை ஆகியவற்றைக் கொண்ட மூடிய அறையுடன் கூடிய மோட்டார் படகு ஆகும். ஏரி, ஆறு, கரையோரக் கடல் ஆகியவற்றில் ஓரிரு நாட்கள் தங்கிப் பயணம் செய்ய இது பயன்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில், வார இறுதிப் பயணத்துக்காக முதன்முறையாகப் படகு வாங்கும் குடும்பங்கள் கருத்தில் கொள்ளும் வகைகளுள் இதுவும் ஒன்று.

வரலாறு

நார்வேயில் பிறந்த அமெரிக்கரான ஓலே எவின்ரூட் 1909ஆம் ஆண்டில் வெளிப்புற மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மரத்தின் இடத்தைக் கண்ணாடியிழை பிடித்ததால் படகுப் பராமரிப்பு எளிதாயிற்று. 1959இல் வோல்வோ பென்டா நிறுவனம், இயந்திரம் உள்ளேயும் செலுத்தும் பகுதி வெளியேயும் அமைந்த ஸ்டெர்ன்டிரைவ் முறையை அறிமுகப்படுத்தியது. ரே ஹன்ட் வடிவமைத்த ஆழ்ந்த "வி" வடிவ அடிப்பகுதி கொண்ட மாப்பி என்னும் படகு 1960இல் மயாமி–நசாவு போட்டியில் வென்றதையடுத்து அவ்வடிவம் பரவலாயிற்று.

அடிப்பகுதியின் வடிவம்

நீரை விலக்கிச் செல்லும் படகின் வேகம் அதன் நீர்மட்ட நீளத்தைப் பொறுத்தது. 25 அடி நீர்மட்ட நீளமுள்ள படகு ஏறத்தாழ 6.7 நாட் வேகத்தையே எளிதில் எட்டும். எரிபொருள் செலவு குறைவு. நீரின் மேல் எழும்பிச் செல்லும் படகு இதைவிடப் பன்மடங்கு விரைவானது. ஆனால் எரிபொருள் மிகுதியாகத் தேவை. தட்டையான அடிப்பகுதி அமைதியான நீரில் உறுதியாக நிற்கும், அலையில் அடிபடும். ஆழ்ந்த "வி" வடிவம் அலையைப் பிளந்து செல்லும்; நின்றிருக்கும்போது கூடுதலாக ஆடும்.

இயந்திர வகைகள்

* வெளிப்புற மோட்டார்: பழுதுபார்ப்பதும் மாற்றுவதும் எளிது. நீருக்கு மேலே உயர்த்தி வைக்கலாம்.
* ஸ்டெர்ன்டிரைவ்: பின்புறத்தில் நீந்துவோருக்கு இடம் கிடைக்கும். இதன் இரப்பர் உறை கிழிந்தால் நீர் உட்புகுந்து படகு மூழ்கக்கூடும். உப்புநீரில் அரிப்பும் மிகுதி.
* உள்ளக இயந்திரம்: உறுதியானது. சுழல்விசிறி படகுக்கு அடியில் இருப்பதால் ஆழம் குறைந்த நீருக்கு ஏற்றதன்று.

தெரிவு செய்தல்

படகு செல்லவிருக்கும் நீர்நிலையும் பயணிகளின் எண்ணிக்கையுமே முதலில் நோக்கத்தக்கவை. காரில் இழுத்துச் செல்வதாயின், பெரும்பாலான மாநிலங்களில் சிறப்பு அனுமதியின்றி 8.5 அடி அகலம் வரையே சாலையில் கொண்டுசெல்லலாம். காரின் இழுதிறனைக் கணக்கிடும்போது இழுவண்டி, எரிபொருள், நீர் ஆகியவற்றின் எடையையும் சேர்த்தல் வேண்டும். நிறுத்துமிடக் கட்டணம், காப்புறுதி, குளிர்காலப் பாதுகாப்பு ஆகிய செலவுகள் ஆண்டுதோறும் தொடர்வன. பழைய படகாயின், விற்பவரைச் சாராத ஆய்வாளர் ஒருவர் அதை நீரிலிருந்து உயர்த்திப் பார்ப்பதும், நீரில் ஓட்டிப் பார்ப்பதும் இன்றியமையாதவை.

பாதுகாப்பு

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் தேங்கி வெடிக்கக்கூடும். எனவே உள்ளே பெட்ரோல் இயந்திரம் உள்ள படகில், அதை இயக்குமுன் காற்றுவெளியேற்றியை 4 நிமிடங்கள் ஓடவிட வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. படகு ஓடும்போது பின்புறப் புகை அறைக்குள் இழுக்கப்படலாம். உறங்குவோர் அறியாமலே உயிரிழக்க நேரிடும். இதனால் அறையில் எச்சரிக்கைக் கருவி பொருத்தப்படுகின்றது. இயந்திரம் ஓடும்போது பின்மேடையில் குழந்தைகள் அமர்வதும் ஆபத்தானது.

அமெரிக்கக் கூட்டரசு விதிகளின்படி, ஓடும் படகின் திறந்த பகுதியில் 13 வயதுக்குட்பட்டோர் உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும். மாநிலச் சட்டம் வேறு வயதைக் குறிப்பின் அதுவே பொருந்தும். ஓட்டுநர் தவறி விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் விசை பொருத்தப்பட்டுள்ள 26 அடிக்குக் குறைவான படகுகளில், 2021 ஏப்ரல் 1 முதல் அதன் பயன்பாடு கட்டாயமாகும். மூடிய அறைக்குள்ளிருந்து ஓட்டும்போது இது பொருந்தாது.

இவற்றையும் பார்க்கவும்

* மோட்டார் படகு
* வெளிப்புற மோட்டார்
* உயிர்காப்பு அங்கி