'மோரிசன்ஸ் ஜிக்': கெர்ரி மெட்டுக்கு ஸ்லைகோ கலைஞரின் பெயர் வந்தது எப்படி?

அயர்லாந்து நாட்டுப்புற இசையைப் பழகுபவர்கள் ஆரம்பத்திலேயே கற்கும் மெட்டுகளில் ஒன்று 'மோரிசன்ஸ் ஜிக்'. பெயரைப் பார்த்தால் மோரிசன் என்பவர் அமைத்த மெட்டு என்றுதான் தோன்றும். ஆனால் கதையே வேறு.

ஜிக் அப்படின்னா என்ன?

ஜிக் என்பது ஒரு நடன இசை வகை. ஒரு தாளச் சுற்றில் ஆறு எண்ணிக்கை, அது மூன்று மூன்றாகப் பிரியும். 'தகிட தகிட' என்று சொல்லிப் பாருங்க, அதுதான் ஜிக் நடை. மூன்று 'தகிட' வந்தால் அது 'ஸ்லிப் ஜிக்'.

யார் இந்த மோரிசன்?

ஜேம்ஸ் மோரிசன் 1893-ல் ஸ்லைகோ மாவட்டத்தில் பிறந்த ஃபிடில் கலைஞர். ஃபிடில் என்றால் நம்ம வயலின்தான். அமெரிக்காவில் குடியேறி, நியூயார்க்கில் வாசித்தும் கற்றுக்கொடுத்தும் வாழ்ந்த இவர் 1947-ல் காலமானார். 'புரொஃபசர்' என்பது இவரது பட்டப்பெயர். இவரும் மைக்கேல் கோல்மனும் பதிவு செய்த இசைத்தட்டுகள் கடல் தாண்டி அயர்லாந்துக்கே போய், அங்கிருந்தவர்களின் வாசிப்பையும் மாற்றின.

மெட்டு யாருடையது?

மோரிசனுடன் வாசித்தவர் கெர்ரி மாவட்டத்தைச் சேர்ந்த அக்கார்டியன் கலைஞர் டாம் கார்மோடி. இவர் தன் தந்தை மாரிஸிடம் கேட்டுப் பழகிய மெட்டு இது என்பதே இசைக் கலைஞர்களிடையே வழங்கும் தகவல். 1936-ல் இருவரும் பதிவு செய்தபோது இசைத்தட்டில் வைத்த பெயர் 'மாரிஸ் கார்மோடிஸ் ஃபேவரிட்'. அதாவது, மாரிஸ் கார்மோடிக்குப் பிடித்த மெட்டு. கெர்ரி பக்கம் இதற்கு 'ஸ்டிக் அக்ராஸ் த ஹாப்' என்றும் பெயர் உண்டு. அடுப்பு மேடைக்குக் குறுக்கே கிடக்கும் குச்சி என்று பொருள்.

அப்புறம் பெயர் ஏன் மாறியது?

இந்த இசை காதால் கேட்டுப் பரவுவது. பெயர் மறந்துபோனால், 'அவர் வாசிச்சாரே, அந்த மெட்டு' என்ற அடையாளமே பெயராகிவிடும். பெயரே தெரியாத மெட்டுகளை ஐரிஷ் மொழியில் 'கன் அனம்', அதாவது 'பெயரில்லாதது' என்று குறிக்கிறார்கள். இங்கே புகழ்பெற்ற மோரிசனின் பெயர் நிலைத்தது. மெட்டைத் தந்த குடும்பத்தின் பெயர் பின்னுக்குப் போனது.

எத்தனை வடிவங்கள்?

இதுதான் சரி என்று ஒரே வடிவம் கிடையாது. அச்சில் இருப்பது எலும்புக்கூடு மட்டுமே. ஃபிடில் கலைஞர் ஒரு ஸ்வரத்தைச் சுற்றி அடுத்தடுத்த ஸ்வரங்களைச் சட்டெனத் தொட்டு வருவார். இதற்கு 'ரோல்' என்று பெயர். பாஞ்சோவில் ஒலி நீடிக்காது என்பதால் அதே இடத்தில் மூன்று வேகமான மீட்டல் வரும். மெட்டின் ஸ்வர வரிசை நம் கரகரப்பிரியாவுடன் ஒத்துப்போகும். ஆனால் இதை ராகம் என்று சொல்ல முடியாது, ஸ்வரங்கள் மட்டுமே ஒன்று.

இன்று பல மெட்டுத் தொகுப்புகளில் 'மோரிசன்ஸ்' என்ற தலைப்புக்குக் கீழே பழைய பெயர்களையும் சேர்த்தே குறிப்பிடுகிறார்கள். அடுத்த முறை கேட்கும்போது மாரிஸ் கார்மோடியையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.