டியர்பீல்ட்: பிந்தி வந்தோரின் நிலம்

பிரேரிப் புல்வெளி என்றவுடன் 'கோதுமைக் களஞ்சியம்' என்று மாணவர்க்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு அப்பாற் செல்வது நம்மிற் பலரின் வழக்கம். அக்களஞ்சியத்தில் எந்த நிலம் யாருக்குக் கிடைத்தது என்ற வினாவைப் புவியியற் பாடம் எழுப்புவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பிரேரியின் மேற்கு விளிம்பிலே, சிதைந்த சில மரக்கட்டடங்களாக எஞ்சியிருக்கும் டியர்பீல்ட் என்ற சிற்றூரின் வரலாற்றை அவ்வினாவோடு நோக்குதல் பயனுடையது.

1910ஆம் ஆண்டில் இக்குடியேற்றத்தைத் தொடங்கியவர் ஒலிவர் துசேன் ஜாக்சன் என்ற கறுப்பினத்தவர். (ஹெயிற்றியின் விடுதலைத் தலைவரை நினைவூட்டும் நடுப்பெயர்!) மாநில ஆளுநர்களின் அலுவலகத்திலே செய்தி கொண்டுசெல்லும் ஊழியராக இருந்த அவர், புக்கர் ரி. வாஷிங்டனின் சுயசரிதையைப் படித்து, சொந்த நிலமே தம் மக்களை நிமிர்த்தும் என நம்பினார். டென்வர் நகரிற் பிறர் வீட்டிலும் பட்டறையிலும் உழைத்தோர் அவர் பின்னே சென்றனர். தமக்கு அருமையான வயல் என்ற பொருளிலேயே ஊருக்கும் பெயரிட்டனர்.

நிலம் அரசாங்கத்தினுடையது. குடியிருந்து பண்படுத்துவோருக்கு 1862ஆம் ஆண்டுச் சட்டம் 160 ஏக்கர் வழங்கிற்று. 1909ஆம் ஆண்டுச் சட்டம் வரண்ட பகுதிகளில் அதனை 320 ஆக்கிற்று. இத்தாராளத்தின் காரணம் எளிது. நல்ல நிலம் ஏலவே பங்கிடப்பட்டுவிட்டது. டியர்பீல்டுக்கு மேற்கே, முப்பது மைலுக்குட்பட்ட தூரத்தில், 1870இல் வெள்ளையர் குழுவொன்று நிறுவிய கிறீலி என்ற ஊர் ஆற்று நீரை வாய்க்கால் வழியே பாய்ச்சிச் செழித்தது. முதலில் நீரை எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதலுரிமை என்று 1876ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு விதித்தது. நாற்பதாண்டு பிந்தி வந்தவர், தென் பிளாற் ஆற்றின் அருகே குடியிருந்தாலும், வானத்தையே நம்பவேண்டியவரானார். அவ்வானமோ ஆண்டுக்குப் பதினைந்து அங்குல மழைகூட ஒழுங்காகத் தருவதில்லை.

'முதலில் வந்தோர்' என்போர் யார் என்றும் கேட்கவேண்டும். அச்சமவெளி செயென், அரப்பாகோ மக்களுடையதென 1851ஆம் ஆண்டின் உடன்படிக்கை ஒப்புக்கொண்டிருந்தது. 1864இல், சாண்ட் கிறீக் என்னுமிடத்தில், அம்மக்களின் பெண்களும் குழந்தைகளும் முதியோரும் படையினராற் கொன்றொழிக்கப்பட்டனர். முதலுரிமை என்னும் நீதி அவர்களுக்கு மட்டும் பொருந்தாது போயிற்று.

முதற் குளிர்காலத்தை ஏழு குடும்பங்கள் அங்கே கழித்தன. மரவீடு இருந்தோர் ஓரிருவரே. ஏனையோர் கூடாரங்களிலும் குன்றோரத்திற் குடைந்த குழிகளிலும் ஒடுங்கினர். குதிரைகள் பசியால் மாண்டன. காட்டுப்புதரும் உலர்ந்த சாணமுமே விறகு. கணவன்மார் கூலி தேடி வெளியே செல்ல, வயலைக் காத்தோர் பெண்களே. முன்னோடிகள் பற்றிய வீரக்கதைகளில் இப்பெண்களை நாம் காண்பதரிது.

ஆயினும் ஊர் எழுந்தது. சோளம், கிழங்கு, பீற், பூசணி விளைந்தன. பாடசாலை, தேவாலயங்கள், உணவுச்சாலை, நடன மண்டபம் தோன்றின. முதலாம் உலகப்போர் கோதுமை விலையை உயர்த்தியது. 1920 அளவில் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் 700 பேர்வரை வாழ்ந்தனர் என்பர். கல்லூரி ஒன்றையும் கனவு கண்டனர்.

போர் முடிந்தது, 1921இற் கோதுமை விலை பாதியாக வீழ்ந்தது. 1930களின் வரட்சியும் புழுதிப் புயலுமே ஊரை அழித்தன என எழுதுவோர், புழுதிக்குப் பத்தாண்டு முன்னரே சந்தை அடித்த அடியை மறந்துவிடுகின்றனர். கையில் மிச்சமும் வயலில் நீரும் இருந்தவரே வரட்சியைத் தாங்கினர். டியர்பீல்டில் இரண்டும் இல்லை. பலர் டென்வருக்கே திரும்பினர். 1924இற் கு குளுக்ஸ் கிளான் ஆதரவோடு ஓர் ஆளுநரைத் தேர்ந்தெடுத்த மாநிலத்தின் தலைநகர் அது.

1940இல் ஊரில் எஞ்சியோர் பன்னிருவர். அங்கிருந்து அசையாத ஜாக்சன் 1948இற் காலமானார். 1995இல் அவ்விடம் தேசிய வரலாற்றிடங்களின் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டது. முந்தியவருக்கே நீர் என்ற விதி கொலராடோவில் இன்றும் நடைமுறையிலுள்ளது.