இறக்கமும் பிரேக்கும்

யந்திரங்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவை ஓடிய கதையைத்தான் எழுதுகிறார்கள். எந்த வருஷம் எத்தனை மைல் வேகம், யார் யாரை முந்தினார்கள் என்ற கணக்கு பக்கம் பக்கமாக நீளும். அந்த யந்திரம் எப்படி நின்றது என்பதற்கு ஒரு வரி இராது. எனக்கென்னவோ, மனுஷ சுபாவம் நிற்கிற கதையில்தான் அதிகமாக வெளிப்படுகிறது என்று தோன்றுகிறது. மலைச் சைக்கிளின் கதை அப்படிப்பட்டது. அதன் முதல் பந்தயத்துக்கே பிரேக்கை வைத்துத்தான் பெயர் வந்தது. பின்னால் வந்த சண்டை, சட்டம், சமாதானம் எல்லாமே, யார் யாருக்காக எங்கே நிற்பது என்ற ஒரே கேள்வியைச் சுற்றி வந்தவைதாம்.

சான் பிரான்ஸிஸ்கோ நகரத்திலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் மாரின் ஜில்லா. அங்கே டமால்பயஸ் என்று ஒரு மலை. உயரம் சுமார் 2,570 அடி. நீலகிரியைப் பார்த்தவர்கள் இதை மலை என்று சொல்லச் சிறிது யோசிப்பார்கள். ஆனால் ஒரு பக்கம் சமுத்திரமும் இன்னொரு பக்கம் பெரிய நகரமுமாக இருப்பதால் அதற்கென்று ஒரு கம்பீரம் உண்டு. 1896-ல் இதன் உச்சிக்கு ஒரு சின்ன ரயில் பாதை போட்டார்கள். எட்டு மைலில் 281 வளைவுகள். உலகத்திலேயே கோணலான ரயில் என்று அதற்கு விளம்பரம். ஏறுவதற்கு என்ஜின் வேண்டும்; இறங்குவதற்கு வேண்டியதில்லை என்று சில வருஷங்களில் கண்டுகொண்டார்கள். திறந்த பெட்டிகளில் ஜனங்களை உட்காரவைத்து உருட்டிவிடுவார்கள். ஓர் ஆள் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் கையை நம்பித்தான் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். 1930-ல் அந்த ரயில் நின்றுபோயிற்று. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த பிறகு மண்பாதை மாத்திரம் மிஞ்சியது.

அந்தப் பிரதேசத்தில் வேறு வகைப் பாதைகளும் உண்டு. கோடையில் காய்ந்து கிடக்கும் பூமி. காட்டுத் தீ பயம் அதிகம். தீயணைக்கும் லாரிகள் போவதற்காகச் சரிவுகளில் மண்சாலைகள் வெட்டியிருந்தார்கள். இவற்றைத் தவிர, ஓர் ஆள் அகலத்துக்கு மேல் இல்லாத ஒற்றையடிப் பாதைகள். அவற்றில் நடக்கிறவர்களும் குதிரையில் போகிறவர்களும் தலைமுறை தலைமுறையாகப் போய் வந்தார்கள். ரயிலுக்காக வெட்டியது ஒன்று, லாரிக்காக வெட்டியது ஒன்று, கால் பட்டுத் தேய்ந்தது ஒன்று. இந்த மூன்றில் எதுவும் சைக்கிளுக்காக ஏற்பட்டதல்ல. பிற்பாடு வந்த தகராறுகளுக்கு வித்து இங்கேதான் இருக்கிறது.

1970-களின் தொடக்கத்தில் அந்தப் பக்கத்து வாலிபர்கள் சிலர் பழஞ்சாமான் கடைகளைக் குடைய ஆரம்பித்தார்கள். அவர்களில் பலர் தார் ரோட்டில் பந்தயம் விடுகிறவர்கள். விரல் மொத்தத்துக்கு டயர் போட்ட லேசான சைக்கிள்களை வைத்திருந்தவர்கள். அவற்றை மலைப்பாதையில் இறக்கினால் ரிம் நெளிந்துவிடும். அவர்கள் தேடியது தகப்பனார் காலத்துச் சைக்கிளை. 1933-ல் ஷ்வின் கம்பெனி இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான டயர் போட்ட சைக்கிள்களை விற்க ஆரம்பித்தது. பையன்கள் ஆசைப்படுவதற்காக அவற்றுக்கு மோட்டார் சைக்கிள் ஜாடை. அந்தப் பையன்கள் வளர்ந்து கார் வாங்கிய பிறகு சைக்கிள்கள் கொட்டகைகளில் துருப்பிடித்துக் கிடந்தன. ஐந்து டாலரோ பத்து டாலரோ கொடுத்தால் கிடைக்கும். கனம் ஏறக்குறைய ஐம்பது ராத்தல். மட்கார்டு, ஸ்டாண்டு, அலங்காரத் தகடு எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, லாரியில் ஏற்றியோ தள்ளிக்கொண்டோ மலைமேல் கொண்டுபோவார்கள். பிறகு கீழே விடுவார்கள்.

ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூரை அடுத்து ஒரு தீயணைப்புச் சாலை இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு மைல் தூரத்துக்குள் 1,300 அடி இறங்குகிறது. அந்தப் பழைய சைக்கிள்களில் இருந்ததோ நம் ஊரில் அதிகம் புழங்காத ஒரு தினுசு பிரேக். பெடலை முன்னால் மிதித்தால் ஓடும். பின்னால் மிதித்தால் நிற்கும். பின் சக்கரத்து ஹப்புக்குள்ளேயே பிரேக் கட்டை விரிந்து உறையோடு உராயும். சமதரையில் பேப்பர் போடுகிற பையனுக்கு அது போதும். இந்த இறக்கத்தில், அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி ஹப் காய்ந்துவிடும். உள்ளே இருக்கிற கிரீஸ் உருகிப் புகைந்து போய்விடும். கீழே வந்து சேருகிறவனுக்குப் பின்னால் புகை கோடு போட்டுக்கொண்டு வரும். ஹப்பைப் பிரித்துத் துடைத்துப் புதிதாகக் கிரீஸ் அடைத்தால்தான் மறுபடி இறங்கலாம். மறுபடி அடைப்பதற்கு இங்கிலீஷில் ரீபேக் என்று பெயர். அதுவே அந்தச் சாலைக்கும் அதில் நடந்த பந்தயத்துக்கும் பெயராகிவிட்டது. சைக்கிள் கடை வாசலில் கந்தல் துணியில் பால்ஸைக் கொட்டி, கோனைத் துடைத்து, ஆள்காட்டி விரலால் கிரீஸை வழித்து அடைக்கிறவரைப் பார்த்திருக்கிற நம்மவர்களுக்கு அந்தப் பெயரின் ருசி உடனே விளங்கும். ஜயித்தவன் பேரில் இல்லை, பரிசு கொடுத்தவன் பேரில் இல்லை. ரிப்பேர் வேலையின் பேரில் ஒரு பந்தயம்!

1976 அக்டோபர் 21-ந் தேதி முதல் பந்தயம் நடந்தது. வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். எல்லோரையும் சேர்த்து விட்டால் முதல் வளைவிலேயே குவிந்துவிடுவார்கள் என்று, இரண்டு நிமிஷத்துக்கு ஒருவராக விட்டு நேரத்தைக் குறித்தார்கள். ஆலன் பாண்ட் ஜயித்தார். பந்தயத்தை நடத்தியவர் சார்லி கெல்லி. ஒரு ராக் சங்கீத கோஷ்டிக்கு வாத்தியங்களையும் ஒலிபெருக்கிகளையும் ஏற்றி இறக்குகிற வேலை பார்த்தவர். 1984 வரை மொத்தம் 24 தடவை பந்தயம் நடந்தது. கேரி ஃபிஷர் 4 நிமிஷம் 22 விநாடியில் இறங்கியதுதான் கடைசி வரைக்கும் தாண்டப்படாத நேரம். வெண்டி கிராக் என்ற பெண்மணி, தாமும் அவர்களோடு சைக்கிள் விட்டுக்கொண்டே, எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்தார். இன்று அந்த நாட்கள் நம் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் அவர் காமிரா வழியாகத்தான். ஜீன்ஸ் கால்சராயும் கட்டுக் கட்டான சட்டையுமாக, முகமெல்லாம் புழுதியாக, சிரிக்கிற வாலிபர்கள்.

மேலே தள்ளிக்கொண்டு போகிற அலுப்பு ஒரு பக்கம். புகைகிற ஹப் ஒரு பக்கம். இரண்டுக்கும் மருந்து தேடியதில்தான் புதுச் சைக்கிள் பிறந்தது. பந்தயம் தொடங்குவதற்கு முன்பே, 1974 டிசம்பரில், மில் வேலியில் நடந்த வேறொரு சைக்கிள் போட்டிக்குக் கூப்பர்டினோ என்ற ஊரிலிருந்து சிலர் வந்திருந்தார்கள். அவர்களுடைய பழைய சைக்கிள்களில் கியரும் இருந்தது, டிரம் பிரேக்கும் இருந்தது. மாரின்காரர்கள் வியப்போடு பார்த்தார்கள். ஃபிஷரும் தம் கிழட்டு ஷ்வினில் கியரையும் டிரம் பிரேக்கையும் பூட்டினார். அதற்கப்புறம் ஏறுவதற்கு லாரி தேவைப்படவில்லை. 1977-ல், கெல்லி கேட்டுக்கொண்டதன் பேரில், ஜோ பிரீஸ் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாயில் மலைக்கென்றே ஒரு புதுப் பிரேம் செய்தார். அடுத்த வருஷத்துக்குள் அந்த வகையில் பத்துச் சைக்கிள்கள் தயாராயின. முதலாவது சைக்கிளை அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் மியூஸியம் வாங்கி வைத்துக்கொண்டது. 1979-ல் கெல்லியும் ஃபிஷரும், டாம் ரிட்சி செய்த பிரேம்களை வைத்து ஒரு சின்ன வியாபாரம் ஆரம்பித்தார்கள். கம்பெனிக்குப் பெயர் மவுண்டன்பைக்ஸ். அந்தப் பெயரைத் தங்களுடையதாகப் பதிவு செய்துகொள்ள அவர்களால் முடியவில்லை. உலகம் முழுவதற்கும் அது பொதுப் பெயராகிவிட்டது. 1981-ல் ஸ்பெஷலைஸ்டு என்ற கம்பெனி ஸ்டம்ப்ஜம்பர் என்ற சைக்கிளை ஜப்பானில் செய்வித்துக் கொண்டுவந்து விற்றது. கைவேலையாக இருந்தது கடைச்சரக்காயிற்று.

இதுவரைக்கும் சாமானின் கதை. இனிமேல்தான் பாதையின் கதை.

பத்துப் பேர் துருப்பிடித்த சைக்கிளில் இறங்கினால் அது வேடிக்கை. ஆயிரம் பேர் புதுச் சைக்கிளில் இறங்கினால் அது பிரச்னை. டமால்பயஸ் மலையில் பெரும்பகுதி, ஜில்லாவுக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற நிர்வாகத்தின் நிலம். ஏரிகளுக்குத் தண்ணீர் வடிகிற காடு. 1980-களில் அந்த நிர்வாகம் ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிள் கூடாது என்றது. தீயணைப்புச் சாலைகளில் போகலாம். ஆனால் மணிக்கு 15 மைலுக்கு மேல் கூடாது. கண்ணுக்கு மறைவான வளைவுகளில் 5 மைல்தான். காவலர்கள் புதர் மறைவில் ரேடார் கருவியோடு நின்று வேகத்தை அளந்தார்கள். நெடுஞ்சாலையில் கார்க்காரனுக்கு விதிக்கிற அபராதத்தைக் காட்டு நடுவில் சைக்கிள்காரனுக்கு விதித்தார்கள்.

சைக்கிள்காரர்கள் குமுறினார்கள். அவர்கள் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. குதிரையின் குளம்பு மண்ணைப் பறிக்கவில்லையா என்று கேட்டார்கள். குறுகலான பாதையில் இயற்கையாகவே வேகம் குறையும். எங்களை அகலச் சாலைக்குத் துரத்திவிட்டு வேகமாகப் போகிறாய் என்று அபராதம் போடுகிறீர்களே என்றார்கள். இந்த இடத்தில் பழைய சரித்திரம் ஒன்றும் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் நல்ல சாலை வேண்டும் என்று முதலில் கிளர்ச்சி செய்தவர்களே சைக்கிள்காரர்கள்தாம். 1880-ல் சங்கம் கண்டு, பத்திரிகை நடத்தி, சர்க்காரைத் துளைத்தார்கள். சாலை வந்தது, பின்னாலேயே மோட்டார் கார் வந்து அவர்களை ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. ஓரத்திலிருந்து மலைக்கு ஓடியவர்களை அங்கேயும் போகச் சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் நடக்கிறவர்களின் பக்கத்தையும் பார்க்கவேண்டும். அறுபத்தைந்து வயதுக் கிழவர் ஒருவர், காலையில் கைத்தடியோடு அமைதியைத் தேடி வருகிறார். வளைவு திரும்பினால் முப்பது ராத்தல் இரும்பும் நூற்றைம்பது ராத்தல் மனிதனும் சத்தமில்லாமல் அவர் மேல் வருகின்றன. மோதவேண்டியதுகூட இல்லை. ஒருமுறை பதறி ஒதுங்கினால் போதும். மறுநாள் அவர் அந்தப் பாதைக்கு வரமாட்டார். ஒரு பாதையை ஒருவரிடமிருந்து பிடுங்குவதற்குச் சட்டம் வேண்டியதில்லை, பயம் போதும். சைக்கிள்காரனுக்கு அபராதச் சீட்டாவது மிஞ்சுகிறது. நடக்கிறவர் எந்தச் சீட்டும் இல்லாமலே வெளியேற்றப்படுகிறார். என் அனுதாபம் இந்தக் கிழவர் பக்கம் சற்று அதிகமாகச் சாய்கிறது.

மாரினில் எழுந்த புகை நாடு முழுவதும் பரவியது. அமெரிக்கக் காங்கிரஸ் 1964-ல் செய்த வனப் பாதுகாப்புச் சட்டம், மனித நடமாட்டத்தின் சுவடே படக்கூடாத காடுகளில் மோட்டார் வண்டிகளையும் மற்ற யந்திர வாகனங்களையும் தடுத்திருந்தது. சைக்கிள் யந்திர வாகனமா, இல்லையா? 1984-ல் வன இலாகா, ஆமாம், சைக்கிளும் அதில் சேர்த்தி என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டது. காலால் மிதிக்கிற வண்டி லாரியோடு ஒரே பட்டியலில் சேர்ந்தது.

இதற்குப் பிறகு சைக்கிள்காரர்கள் இரண்டு வழிகளில் போனார்கள். சிலர் ராத்திரியில் விளக்கை மாட்டிக்கொண்டு திருட்டுத்தனமாக ஏறினார்கள். யாருக்கும் தெரியாமல் புதுப் பாதை வெட்டியவர்களும் உண்டு. இன்னும் சிலர் மண்வெட்டியை எடுத்தார்கள். 1988-ல் கலிபோர்னியாவின் சில சைக்கிள் சங்கங்கள் கூடி, சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தின. அவர்கள் மஞ்சள் முக்கோணமாக ஒரு பலகை செய்தார்கள். சைக்கிள்காரன் நடக்கிறவருக்கும் குதிரைக்கும் வழி விடவேண்டும். நடக்கிறவர் குதிரைக்கு வழி விடவேண்டும். இவ்வளவுதான் சட்டம். எல்லாருக்கும் கடைசியில் தங்களையே வைத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். உரிமை கேட்க வந்தவர்கள் முதலில் எழுதியது தங்கள் கடமையை. பாதை திறந்ததற்கு வக்கீல்களைவிட இந்த முக்கோணம் அதிகம் உதவியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

மண்வெட்டி எடுத்தவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொண்டார்கள். மலைப்பாதைக்குச் சத்ரு சக்கரமும் அல்ல, குளம்பும் அல்ல, தண்ணீர். மழைநீர் பாதையோடு ஓட ஆரம்பித்தால் பாதை வாய்க்காலாகிவிடும். அதனால் பாதையைப் பள்ளத்துப் பக்கமாகச் சிறிது சாய்த்து வெட்டவேண்டும். இறங்குகிற பாதை நடு நடுவே கொஞ்சம் ஏறி இறங்கவேண்டும். அப்போது நீர் தங்காமல் பக்கத்தில் வடிந்துவிடும். சைக்கிள்காரன் செய்கிற பெரிய கெடுதல், பயந்துபோய் பிரேக்கை ஒரேயடியாக அழுத்துவது. சக்கரம் சுழலாமல் இழுபடும். மண்ணில் ஒரு கோடு விழும். முதல் மழை அந்தக் கோட்டைத்தான் தேடி வரும். ஆகவே, நிற்கத் தெரியாதவன் ஆளுக்கு ஆபத்து. நிற்கத் தெரிந்தும் பதமாக நிற்கத் தெரியாதவன் பாதைக்கு ஆபத்து.

அப்புறம் சைக்கிள் எங்கேயோ போய்விட்டது. 1989-ல் ராக்ஷாக்ஸ் கம்பெனியின் அதிர்வு தாங்கும் முன் ஃபோர்க் வந்தது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயத்துக்கு இடம் கிடைத்தது. பிறகு, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் டிஸ்க் பிரேக்குகள் சாதாரணமாயின. ஒரு விரலால் தொட்டால் போதும், எந்த இறக்கத்திலும் நிற்கும். ஹப்பில் புகை இல்லை. இப்போது மின்சார மோட்டார் வைத்த மலைச் சைக்கிளும் வந்திருக்கிறது. அதைப் பாதையில் விடலாமா என்று 2019 வாக்கில் அமெரிக்காவில் பெரிய விவாதம் எழுந்தது. விடக்கூடாது என்று சொன்னவர்களில் மிதிக்கிற சைக்கிள்காரர்களும் இருந்தார்கள். வேகம் அதிகம், பாதை கெடும், நடக்கிறவர்கள் பயப்படுவார்கள் என்றார்கள். நாற்பது வருஷத்துக்கு முன் தங்களைப் பற்றிச் சொன்ன வார்த்தைகள் என்பது அவர்களுக்கு நினைவிருந்ததா என்பது தெரியவில்லை. பாதைக்கு முந்தி வந்தவன் பிந்தி வந்தவனைப் பார்த்து எங்கேயும் இதைத்தான் சொல்கிறான்.

ஃபேர்ஃபாக்ஸில் 2015-ல் சைக்கிள் மியூஸியம் ஒன்று திறந்தார்கள். ஊருக்கு மேலே அந்த மண்சாலை இறங்கி வருகிறது. கிரீஸ் புகைந்த காலத்தில் ஒருவன் கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்துப் பார்ப்பான். பிரேக்கைப் பற்றிய நினைவு அவனுக்கு எப்போதும் இருந்தது, ஏனென்றால் அது கையைச் சுட்டது. இன்றைய பிரேக், இறங்கியதும் பிரித்துப் பார்க்கச் சொல்வதில்லை. ஆகையால் நிற்பதைப் பற்றிய நினைவை யந்திரம் இனி நமக்குத் தராது. அதை நாமேதான் வைத்துக்கொள்ளவேண்டும். வளைவில் வருகிற கிழவர் அதை நம்பித்தான் காலையில் கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்.