பழைய பஜிரோ வாங்குவோர் கவனத்திற்கு: புகைச் சான்றிதழ் சொல்லாத பழுதுகள்

சாவகச்சேரியில் பழைய ஜீப் ஒன்றுக்கு விலை பேசும்போது விற்பவர் முதலில் எடுத்துக் காட்டுவது புகைப் பரிசோதனைச் சான்றிதழைத்தான். "எல்லாம் பாஸ், ஒரு பிரச்சினையும் இல்லை" என்பார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பிய காசிலோ கடனிலோ வாகனம் வாங்கும் குடும்பம் அந்தத் தாளை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறது. ஆனால் அந்தத் தாள் புகையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பிறேக் பிடிக்குமா, செசி உக்கியிருக்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை.

2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. அதனால் இருபது, முப்பது வருடப் பழைய ஜீப்புகளே கைமாறி ஓடின. அவற்றில் எம்மவர் நன்கறிந்த பெயர் மிற்சுபிசி பஜிரோ. 1982 இல் ஜப்பானில் வெளிவந்த இந்த வாகனத்தின் உற்பத்தி 2021 இல் முடிவடைந்தது. சில நாடுகளில் இதற்கு மொன்ரெரோ என்று பெயர், பிரித்தானியாவில் ஷோகன்.

இங்கே எதைப் பரிசோதிக்கிறார்கள்?

இலங்கையில் வாகனப் புகைப் பரிசோதனை 2008 இல் தொடங்கியது. பிரதேச செயலகத்தில் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதியுடன் இந்தச் சான்றிதழும் வேண்டும். டீசல் வாகனமென்றால் இஞ்சினை முறுக்கி, வெளிவரும் கரும்புகையின் அடர்த்தியை அளப்பார்கள். பஸ்ஸுக்கும் லொறிக்கும் இதைவிடத் தகுதிச் சான்றிதழும் தேவை. சொந்தப் பாவனைக்கான ஜீப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பிரித்தானியாவில் நிலைமை வேறு. மூன்று வருடம் கடந்த கார், ஜீப் எல்லாம் வருடாவருடம் எம்.ஓ.ரி. பரிசோதனைக்குப் போகவேண்டும். பிறேக், ஸ்ரியறிங், சஸ்பென்சன், ரயர், விளக்கு, புகை, செசியின் கறள் எல்லாம் பார்க்கப்படும். 2018 மே முதல் குறைகளை ஆபத்தானவை, பெரியவை, சிறியவை என்று பிரித்து எழுதுகிறார்கள். முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் வாகனம் தவறிவிடும். 2005 முதலான முடிவுகளை வாகன இலக்கத்தைக் கொடுத்து யாரும் இணையத்தில் பார்க்கலாம். நீங்கள் பார்க்கும் ஜீப் பிரித்தானியாவிலிருந்து வந்ததென்றால் அதன் பழைய இலக்கத்தைக் கேட்டு வாங்கித் தேடிப் பாருங்கள்.

இங்கே அந்தப் பரிசோதனையை வாங்குபவரே செய்விக்கவேண்டும். பஜிரோவில் பார்க்கவேண்டியவை இவை.

கறள்

குளிர்நாடுகளில் பனி உருக வீதியில் கொட்டும் உப்பு செசியைத் தின்கிறது. எமக்குக் கடனீரேரிக் காற்றே போதும். தென்மராட்சிக்கு இரு பக்கமும் உவர்நீர். ஆனையிறவு, சங்குப்பிட்டி வழியாக ஓடும் வாகனத்தின் அடிப்பக்கம் உப்பிலேயே கிடக்கிறது.

வாகனத்தை உயர்த்தி, பின் சில்லுகளுக்கு மேலுள்ள செசிப் பகுதி, கதவுக்குக் கீழான விளிம்பு, பெற்றோல் அல்லது டீசல் தாங்கிக்கு மேலால் போகும் பிறேக் குழாய் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். திருப்புளியால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; உக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும் அல்லது ஓட்டை விழும். அடியில் புதிதாகத் தார் பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். 1999 வரையான இரண்டாம் தலைமுறை பஜிரோவுக்குச் செசி தனியாக உண்டு. அதற்குப் பின் வந்தவற்றில் செசியும் உடலும் ஒன்றாக இருப்பதால் உடலில் பிடிக்கும் கறள் வாகனத்தின் பலத்தையே குறைக்கும்.

இஞ்சின்

2.5 லீற்றர் டீசல் இஞ்சினில் ரைமிங் பெல்ற்றோடு சிறிய பெல்ற் ஒன்றும் உண்டு. சிறியது அறுந்து பெரியதில் சிக்கினால் வால்வுகள் உடைந்து இஞ்சின் கழற்றவேண்டி வரும். இரண்டையும் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

2.8 லீற்றரில் பெல்ற் இல்லை, சங்கிலிதான். சூடேறினால் அதன் சிலிண்டர் ஹெட் வெடிக்கும் என்பது பலரறிந்த குறை. யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கேத்தல் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு றேடியேற்றரிலும் படிந்து, தண்ணீர் ஓட்டத்தை அடைக்கும். இஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். கூலன்ற் இல்லாமல் வெறும் தண்ணீரும் வெள்ளைப் படிவும் தெரிந்தால் கவனம். இஞ்சின் ஓடும்போது அங்கே குமிழி விட்டாலோ, ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தாலோ அந்த வாகனத்தை விட்டுவிடுவதே நல்லது.

3.2 லீற்றரில் சங்கிலி தளர்ந்து காலையில் கடகடவென்று சத்தமிடும். டீசல் பம்பும் செலவு வைக்கும். மண்ணெண்ணெய் கலந்த டீசலும், பீப்பாவில் சேமித்துத் தண்ணீர் இறங்கிய டீசலும் பம்பைத் தேய்த்துவிடும். 2022 எரிபொருள் நெருக்கடியில் என்ன ஊற்றி ஓடியது என்று கேட்பது வீண் கேள்வியல்ல. முந்தைய வருடங்களின் புகைச் சான்றிதழ்களையும் வாங்கி, அளவு ஏறிக்கொண்டு வருகிறதா என்று ஒப்பிடுங்கள்.

ஸ்ரியறிங், பிறேக், காற்றுப்பை

இரண்டாம் தலைமுறை பஜிரோவில் ஸ்ரியறிங் இணைப்புகள் தேய்ந்து, நேர்வீதியிலேயே வாகனம் அலையும். முன் சில்லை உயர்த்தி மேலும் கீழும் அசைத்தால் போல் ஜொயின்ற் தேய்வு தெரியும். ஏ-9 போன்ற வேகமான வீதியில் இது உயிர்ப் பிரச்சினை.

வெப்பமும் ஈரப்பதனும் உள்ள நாடுகளில் பழுதடைந்து, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைச் சிதறக்கூடிய தகாட்டா காற்றுப்பைகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. 2006 க்குப் பின் வந்த பஜிரோக்களும் அதில் அடங்கும். செசி இலக்கத்தைக் கொடுத்து முகவரிடம் கேளுங்கள்.

புத்தகமும் வாகனமும் ஒன்றா?

போர் எமது வாகனங்களின் வரலாற்றையும் குழப்பிவிட்டது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் உதிரிப்பாகம் இல்லாமல் ஒன்றைக் கழற்றி மற்றொன்றில் பூட்டி ஓடினோம். 2009 இல் வன்னியில் கைவிடப்பட்ட வாகனங்கள் ஏராளம், ஆவணங்களும் அழிந்தன. ஆகவே செசி இலக்கம், இஞ்சின் இலக்கம் இரண்டையும் வாகனத்தில் நேரே பார்த்துப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடவேண்டும். இஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அது புத்தகத்தில் பதியப்பட்டிருக்கவேண்டும். இலக்கத்தைச் சுற்றி உரசியோ வெல்டிங் செய்தோ இருந்தால் வாங்காதீர்கள். புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரத்தைப் பெறலாம்.

விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். இஞ்சினை முன்கூட்டியே ஸ்ரார்ட் பண்ணி வைக்கவேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லி வையுங்கள். சூடாக இருக்கும் இஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். பிறகு வீதியில் ஓட்டிப் பாருங்கள். முற்பணம் கொடுப்பது அதன் பிறகுதான். வாகனத்தை உயர்த்திப் பார்க்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், மேற்கொண்டு விலை பேசவேண்டியதில்லை.